கம்ப்யூட்டர் போட்ட கணக்கைச் சரிபார்த்த கேத்தரின்

 இந்த மாதம் ஒரு சினிமாவைப் பற்றிப் பேசப்போகிறோம். சினிமா என்றதும் முகம் மலர்ந்துவிட்டதே! கொஞ்சம் பொறுங்கள், நடுவில் கணக்கும் வரும். ஒரு பென்சிலையும் ரஃப் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் பெயர் ‘ஹிடன் ஃபிகர்ஸ்’. 2016இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மார்கோ லீ ஷெட்டர்லி எழுதிய ஒரு புத்தகத்தை வைத்து எடுத்த படம். அவர் வளர்ந்தது வர்ஜீனியா மாநிலத்தில் ஹாம்ப்டன் என்னும் ஊரில். அங்கேதான் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடம் இருக்கிறது. அவருடைய அப்பா அதில் வேலை பார்த்தவர்.

படத்தில் மூன்று தோழிகள் வருகிறார்கள். கேத்தரின் ஜான்சன், டோரதி வாகன், மேரி ஜாக்சன். மூவரும் நிஜமாக வாழ்ந்தவர்கள். கறுப்பினப் பெண்கள். கணக்கு என்றால் மூவருக்கும் உயிர்.

அந்தக் காலத்து வர்ஜீனியா எப்படி இருந்தது தெரியுமா? வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம். பேருந்தில் தனி இருக்கை. தண்ணீர்க் குழாய் தனி. கழிப்பறையும் தனி. இதெல்லாம் வெறும் பழக்கம் இல்லை, சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள்.

ஏன் அப்படி என்று கேட்கிறீர்களா? சபாஷ், கேட்க வேண்டிய கேள்விதான். நியாயமான காரணம் ஒன்றும் கிடையாது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போன மக்களைத் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாக வைத்திருந்தார்கள். 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் அவர்களைத் தங்களுக்குச் சமமாக உட்காரவைக்கப் பல வெள்ளையர்களுக்கு மனம் வரவில்லை. அதனால் பிரித்துவைக்கச் சட்டம் போட்டார்கள்.

இப்போது ஆய்வுக்கூடத்துக்குள் போவோம். இரண்டாம் உலகப் போர் நடந்த நேரம். விமானங்கள் வேகமாகவும் பத்திரமாகவும் பறக்க வேண்டும். அதற்காக லாங்லியில் இரவு பகலாகச் சோதனைகள் நடந்தன. ஒவ்வொரு சோதனையும் முடிந்ததும் எண்கள் வந்து குவியும். அவற்றைக் கூட்டி, பெருக்கி, வரைபடம் போட ஆட்கள் வேண்டும். அந்த வேலைக்கு 1935 முதலே பெண்களை எடுத்துவந்தார்கள், வெள்ளைக்காரப் பெண்களை மட்டும். அவர்கள் பார்த்த வேலையின் பெயரே ‘கம்ப்யூட்டர்’தான்.

1941இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவு போட்டார். போர்த் தளவாட வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போது இனம் பார்க்கக் கூடாது என்றது அந்த உத்தரவு. 1943இல் லாங்லி கறுப்பினப் பெண்களையும் வேலைக்கு எடுத்தது. எடுத்தாலும், வளாகத்தின் மேற்குப் பக்கத்தில் அவர்களைத் தனி அறையில்தான் உட்காரவைத்தது.

உணவுக்கூடத்தில் அவர்களுக்குக் கடைசி மேசை. அதன்மேல் ‘கறுப்பினக் கம்ப்யூட்டர்கள்’ என்று எழுதிய ஒரு சின்ன அட்டை. அங்கே வேலை பார்த்த மிரியம் மான் என்ற அம்மா என்ன செய்தார் தெரியுமா? ஒருநாள் அந்த அட்டையை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சில நாளில் புது அட்டை வந்தது. அதுவும் கைப்பைக்குள் போனது. இப்படியே வர, எடுக்க, வர, எடுக்க... கடைசியில் அட்டை வைக்கிறவருக்குத்தான் சலித்துப்போனது. அட்டை வருவது நின்றுவிட்டது. படத்தில் இந்தக் காட்சி இல்லை. எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம்.

சரி, பென்சிலை எடுங்கள். அந்த அறையில் அவர்கள் அப்படி என்னதான் கணக்குப் போட்டார்கள்? குட்டியாக ஒன்றை நாமே போட்டுப் பார்ப்போம்.

பதினைந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்தைக் கீழே விடுகிறோம். (நோட்டில் மட்டும்தான் விடவேண்டும். கீழே ஆள் நடமாட்டம் இருக்கும்!) விழும் பந்தின் வேகம் கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 10 மீட்டர் என்ற அளவில் கூடும். சரியான எண் 9.8. நமக்கு 10 போதும், காற்றையும் மறந்துவிடுவோம். மூன்று நொடியில் பந்து எவ்வளவு தூரம் விழும்?

வேகம் மாறிக்கொண்டே இருப்பதுதான் தொல்லை. மாறாமல் இருந்தால் ஒரே பெருக்கலில் முடிந்திருக்கும். அதனால் ஒரு தந்திரம் செய்வோம். ஒரு நொடியை எடுத்துக்கொண்டு, அந்த ஒரு நொடி முழுக்க வேகம் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நொடி தொடங்கும்போது வேகம் 0. அப்படியானால் தூரமும் 0. இரண்டாம் நொடி தொடங்கும்போது வேகம் 10, ஆகவே 10 மீட்டர். மூன்றாம் நொடிக்கு 20 மீட்டர். கூட்டினால் 30 மீட்டர்.

ஆனால் பந்து உண்மையில் விழுவது 45 மீட்டர்! நமக்கு 15 மீட்டர் குறைகிறதே, தப்பு எங்கே? முதல் வரியைப் பாருங்கள். பந்து அந்த நொடியில் சும்மாவா நின்றது? விழுந்துகொண்டுதானே இருந்தது? நாம் சைபர் போட்டுவிட்டோம். மற்ற இரண்டு வரிகளிலும் இதே கதைதான், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குறைத்து எழுதிவிட்டோம்.

இப்போது அரை அரை நொடியாக வெட்டுங்கள். ஆறு வரி வரும். தொடக்க வேகம் 0, 5, 10, 15, 20, 25. ஒவ்வொன்றும் அரை நொடிக்குத்தான். தூரம் 0, 2.5, 5, 7.5, 10, 12.5. கூட்டுங்கள் பார்ப்போம். 37.5 மீட்டர்! உண்மைக்குக் கிட்டே வந்துவிட்டோம். கால் நொடியாக வெட்டினால் பன்னிரண்டு வரி. விடை 41.25. இன்னும் கிட்டே.

புரிகிறதா? புரியாவிட்டால் பரவாயில்லை, மூன்று வரிக் கணக்கை மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

இதற்கு ஆய்லர் முறை என்று பெயர். ஆய்லர் 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதை, சுவிட்சர்லாந்துக்காரர். படத்தில் கேத்தரின் கரும்பலகை முன்னால் நின்று, யோசித்து யோசித்து, கடைசியில் பிடிப்பது இந்தப் பழைய முறையைத்தான்.

பந்துக்குக் குறுக்குவழிச் சூத்திரம் உண்டு, நீங்கள் பெரிய வகுப்பில் படிப்பீர்கள். விண்கலத்துக்கு அப்படி ஒரே வரியில் முடியாது. உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது. எரிபொருள் எரிய எரிய ராக்கெட்டின் எடை குறைகிறது. பூமியும் சரியான உருண்டை இல்லை, நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து, துண்டு துண்டாகத்தான் கணக்குப் போக வேண்டும். அவர்களுடைய வரிகளிலோ தசமப் புள்ளிக்குப் பின்னால் நீள நீளமான எண்கள். ஒரு வரியில் ஓர் இலக்கம் தவறினால், அதற்குக் கீழே உள்ள வரிகள் எல்லாமே தவறிவிடும்.

இந்த வேலையில் கேத்தரின் கைதேர்ந்தவர். மேற்கு வர்ஜீனியாவில் 1918இல் பிறந்தார். சின்ன வயதில் கண்ணில் பட்டதை எல்லாம் எண்ணுவார், படிக்கட்டு, கழுவுகிற தட்டு எதுவும் பாக்கியில்லை. அவருடைய ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். அப்பா என்ன செய்தார்? பிள்ளைகளைப் படிக்கவைப்பதற்காக, சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி வேறோர் ஊரில் குடும்பத்தைக் குடிவைத்தார். கேத்தரின் 10 வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார், 18 வயதில் பட்டம் வாங்கினார். கல்லூரியில் கிளேட்டர் என்ற பேராசிரியர், இந்த ஒரு மாணவிக்காகவே வடிவியலில் தனிப் பாடம் ஒன்றை உருவாக்கினார் என்றால் பாருங்கள்.

1953இல் லாங்லிக்கு வந்தார். அங்கேயும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. பொறியாளர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை. கேத்தரின் கேட்டார், பெண்கள் வரக் கூடாது என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று. அப்படி ஒரு சட்டமும் இல்லை. கேட்டுக் கேட்டே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த கேத்தரின் இவர்தான்.

இனி விண்வெளிக்குப் போவோம். நாம் விட்ட பந்து முதல் நொடியில் உண்மையில் 5 மீட்டர் விழுகிறது. பூமி உருண்டை அல்லவா? 8 கிலோமீட்டர் நேராகப் போனால், தரை 5 மீட்டர் கீழே வளைந்திருக்கும். இந்த இரண்டு ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பொருள் நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் பறந்தால்? ஒரு நொடியில் அது 5 மீட்டர் விழும், தரையும் 5 மீட்டர் வளைந்து விலகும். விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் தரையைத் தொடாது. பூமியைச் சுற்றும்! நியூட்டன் 17ஆம் நூற்றாண்டிலேயே, உயர்ந்த மலை உச்சியில் பீரங்கியை வைத்துச் சுடுவதாகக் கற்பனை செய்து இதைச் சொல்லிவிட்டார்.

சுற்றுவதைவிடத் திரும்பி வருவதுதான் கடினம். விண்கலம் ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் கீழே பூமி சுமார் 22 டிகிரி திரும்பியிருக்கும். கப்பல்களோ அட்லாண்டிக் கடலில் ஓர் இடத்தில் காத்து நிற்கின்றன. விண்கலம் அதற்குப் பக்கத்தில் வந்து விழ வேண்டும்.

கேத்தரின் கணக்கைப் பின்னாலிருந்து தொடங்கினார். உங்களுக்கு இது தெரிந்த வித்தைதான். பள்ளி மணி 9க்கு அடிக்கும், நடக்க 20 நிமிடம், செருப்பைத் தேட 5 நிமிடம், அப்படியானால் 8.35க்கு எழுந்தாக வேண்டும் என்று கணக்குப் போடுவீர்கள் இல்லையா? அவரும் அப்படியே. விழ வேண்டிய இடம் இது, அப்படியானால் ராக்கெட் எப்போது, எந்தத் திசையில் கிளம்ப வேண்டும்? 1960இல் இதை ஒரு பொறியாளரோடு சேர்ந்து ஆய்வறிக்கையாக எழுதினார். அந்தப் பிரிவில் ஓர் அறிக்கையின்மேல் பெண்ணின் பெயர் அச்சானது அதுதான் முதல் தடவை.

1962. விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் போகிறார். சோவியத் நாட்டின் யூரி ககாரின் முந்தின ஆண்டே சுற்றி வந்துவிட்டார், அமெரிக்கர்கள் யாரும் இன்னும் சுற்றவில்லை. இப்போது கணக்குப் போடுவதற்கு ஐபிஎம் கம்பெனியின் பெரிய மின்னணுக் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. ஆனால் அவை அவ்வப்போது மக்கர் செய்யும். உயிரை அவற்றின் கையில் கொடுக்கக் கிளென் தயங்கினார். அதே சமன்பாடுகளில் அதே எண்களைப் போட்டுக் கையால் சரிபார்க்கச் சொல்லுங்கள் என்றார். யாரை? கேத்தரினை. அந்தப் பெண் சரி என்று சொன்னால் தான் கிளம்பத் தயார் என்றார்.

‘அந்தப் பெண்’ணுக்கு அப்போது 43 வயது. மூன்று பெண் பிள்ளைகளின் அம்மா. அந்தக் காலத்து ஆண்கள் வயது வந்த பெண்களையும் சின்னப் பிள்ளையைச் சொல்வதுபோல் அப்படித்தான் பேசினார்கள். ஆனாலும் கிளென் நம்பியது அவரைத்தான்.

படத்தில் இந்தக் காட்சி படபடப்பாக இருக்கும். ராக்கெட் தயாராக நிற்கும், தொலைபேசி அலறும், கேத்தரின் பென்சிலோடு உட்காருவார், சில நிமிடங்களில் விடை வந்துவிடும். உண்மையில் அது ஒன்றரை நாள் வேலை. மேசைமேல் ஒரு கணக்கு மெஷின், பக்கத்தில் தாள்கள். ஓர் எண்ணைத் தட்டு, விடையை எழுது, அடுத்த எண்ணைத் தட்டு. கண் பூத்துப்போகும். கிளென் விண்கலத்தில் ஏறுவதற்கு முன்பே இது முடிந்துவிட்டது. கம்ப்யூட்டரின் விடையும் கேத்தரினின் விடையும் ஒத்துப்போயின.

பிப்ரவரி 20 அன்று கிளென் பறந்தார். மூன்று சுற்று, 4 மணி 55 நிமிடம். விண்கலம் குறித்த இடத்துக்குச் சுமார் 60 கிலோமீட்டர் முன்னாலேயே கடலில் இறங்கியது. ஏன் தெரியுமா? பயணத்தின்போது உள்ளே இருந்த பொருள்கள் செலவாகி, கலத்தின் எடை கொஞ்சம் குறைந்திருந்தது. இறங்கும் கணக்கில் அந்தக் குறைவைச் சேர்க்கவில்லை. அவ்வளவு பெரிய பயணத்தில் இவ்வளவு சின்ன விஷயம்! ஒரு போர்க்கப்பல் விரைந்து போய்க் கிளெனைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டது.

கேத்தரின் கம்ப்யூட்டரைச் சரிபார்த்த மாதிரி நாமும் இந்தப் படத்தைச் சரிபார்ப்போமா?

படத்தில் கேத்தரின் கறுப்பினத்தவர் கழிப்பறையைத் தேடி, மழையிலும் வெயிலிலும் வெகுதூரம் ஓடுவார். பிறகு அவருடைய மேலதிகாரி கடப்பாரையால் அந்தப் பலகையை உடைத்துத் தள்ளுவார். தியேட்டரில் கை தட்டத் தோன்றும். ஆனால் இரண்டுமே நடக்கவில்லை. அந்த மேலதிகாரியே பலரைச் சேர்த்துச் செய்த கற்பனைப் பாத்திரம். கேத்தரின் எங்கும் ஓடவில்லை. பக்கத்தில் பலகை இல்லாத கழிப்பறை இருந்தது. அது வெள்ளையருக்கானது என்று தெரியாமலே பயன்படுத்தினார். பிறகு யாரோ புகார் சொன்னபோது காதில் போட்டுக்கொள்ளாமல் அங்கேயே போய்வந்தார்.

கழிப்பறைக்காக அவமானப்பட்டவர் மேரி ஜாக்சன். ஒருநாள் கிழக்குப் பக்கக் கட்டடத்துக்கு வேலையாகப் போனார். கழிப்பறை எங்கே என்று அங்கிருந்த வெள்ளைக்காரப் பெண்களைக் கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். உன் கழிப்பறை எங்கே என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்ற சிரிப்பு. மேரிக்குக் கோபம் கொப்பளித்தது. வழியில் எதிர்ப்பட்ட செர்னெக்கி என்ற பொறியாளரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். கேட்டு முடித்த அவர், என்னிடம் வேலைக்கு வந்துவிடுங்கள் என்றார்.

அவரிடம் இருந்தது ஒரு காற்றுச் சுரங்கம். விமானத்தின் மாதிரியை அசையாமல் நிறுத்திவைத்து, எதிரே காற்றைப் பாயவிடுவார்கள். விமானம் பறந்தால் என்ன, காற்று பறந்தால் என்ன? இறக்கைக்கு இரண்டும் ஒன்றுதான். 60,000 குதிரைத்திறன் கொண்ட அந்தச் சுரங்கத்தில் காற்று ஒலியைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் பாயும்.

மேரி பொறியாளராக மேல்படிப்புப் படிக்க வேண்டும். வகுப்புகள் நடந்ததோ வெள்ளையருக்கான ஹாம்ப்டன் உயர்நிலைப் பள்ளியில். படத்தில் நீதிபதி முன்னால் நின்று வாதாடுவார். நிஜத்தில் நகர நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு வாங்கினார். உள்ளே போய்ப் பார்த்தால், எத்தனை வருடமாக எட்டிப் பார்க்கக்கூட விடாத அந்தக் கட்டடம் பழசாய், பாழடைந்து கிடந்தது. இதற்கா இவ்வளவு காவல் என்று அசந்துபோனார்! 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார். வாஷிங்டனில் உள்ள நாசா தலைமையகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வீட்டில் அவர் மகனுக்கும் நல்ல தோழி. அங்கே பிள்ளைகள் தாங்களே மரத்தில் கார் செய்து, எஞ்சின் இல்லாமல் சரிவில் ஓட்டும் போட்டி ஒன்று உண்டு. காற்று எங்கே தடுக்கும் என்று மேரியைவிட யாருக்குத் தெரியும்? 1960இல் அவர் மகன் முதலாவதாக வந்தான்.

டோரதி வாகனை மறந்துவிடவில்லை. அவர் 1943 வரை ஃபார்ம்வில் என்ற ஊரில் கணக்கு டீச்சர். 1949இல் மேற்கு அறைக்குத் தலைவியானார். கேத்தரினை விமான ஆய்வுப் பிரிவுக்கு அனுப்பிவைத்தவரே அவர்தான். கம்ப்யூட்டர் வரப்போகிறது, கையால் போடும் வேலை போய்விடும் என்று முன்கூட்டியே கணித்தார். ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டார், தன் கூட்டாளிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். 1958இல் நாசா உருவாகி, லாங்லி அதன் கீழ் வந்தபோது தனி அறை மூடப்பட்டது.

ஆனால் வெளியே? டோரதி பாடம் நடத்திய அதே மாவட்டத்தில் 1959இல் என்ன செய்தார்கள் தெரியுமா? கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதைச் செய்வதைவிட மேல் என்று அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள். 1964 வரை, ஐந்து ஆண்டு. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தார்கள். கிளென் தலைக்குமேல் சுற்றி வந்த நாளில், அங்கே உங்கள் வயதுக் கறுப்பினப் பிள்ளைகள் பலருக்குப் போகப் பள்ளிக்கூடமே இல்லை. இந்த ஒரு செய்தியைப் படத்தைவிட அழுத்தமாக நினைவில் வைத்திருக்கிறேன்.

கேத்தரின் பாட்டி 101 வயது வரை வாழ்ந்தார். 2015இல் அதிபர் ஒபாமா கையால் நாட்டின் உயர்ந்த விருதைப் பெற்றார். படமும் அவர் இருக்கும்போதே வந்தது.

படத்தை அம்மா அப்பாவோடு சேர்ந்து பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. நம் பந்துக் கணக்கில் நொடியைப் பத்தாக வெட்டுங்கள், அதாவது 0.1 நொடி. வேகம் 0, 1, 2, 3 என்று 29 வரை போகும், மொத்தம் 30 வரி. கால்குலேட்டர் வேண்டாம். தூரங்களைக் கூட்டினால் 43.5 வர வேண்டும். வரவில்லையா? எந்த வரி என்று நான் சொல்ல மாட்டேன், முதல் வரியிலிருந்து திரும்பப் பாருங்கள்.